ராத்திரி வந்து பன்றி அடிக்கக் கேட்பவர்களுக்கு என்ன பதில்? சேர்வராயன் மலை நிலத்துக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஏற்காடு மலைமேலும், குப்பனூர், கன்னங்குறிச்சி, டேனிஷ்பேட்டை, காடையாம்பட்டிப் பக்கத்து அடிவாரத்திலும் பட்டா நிலம் வைத்திருக்கும் விவசாயிகள், எஸ்டேட் உரிமையாளர்கள், வெளியூரில் இருந்துகொண்டு மேனேஜரை வைத்துத் தோட்டம் பார்ப்பவர்கள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) திரளும் மாதங்களிலும், மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் வாரங்களிலும், நிலத்துக்காரர்களுக்கு ஒரு போன் வருவது வழக்கமாகிவிட்டது. "அண்ணா, உங்க காட்டுல பன்னித் தொல்லை ஜாஸ்தியாமே. நாங்க ரெண்டே பேர்தான். ராத்திரி வந்து அடிச்சுட்டுப் போயிடறோம், உங்களுக்கும் ஒரு பங்கு வந்துடும்." உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் வாட்ச்மேனிடம் கேட்பார்கள், இல்லையென்றால் எஸ்டேட் கணக்கு பார்க்கும் ரைட்டரிடம் கேட்பார்கள். ஒரு ஏக்கர் கிழங்கை ஒரே ராத்திரியில் இழந்தவர் "சரி, பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிடுவது புரியாத விஷயமில்லை. ஆனால் அந்த "சரி"யைச் சொல்லும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. உங்கள் சம்மதத்துக்கு மதிப்பு இருக்கும் இடம் வேறொன்று: உத்தரவோடு வரும் வனத்துறை ஆட்களை உங்கள் நிலத்துக்குள் விடுவது. அந்த இடத்தில் அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சட்டத்தை முதலில் பேசிவிடலாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடக் கூடாது என்கிறது. காப்புக்காட்டுக்குள் மட்டும் என்று அதில் இல்லை. உங்கள் காபித் தோட்டமும் கிணற்றுமேடும் களத்துமேடும் அதற்குள் அடக்கம். வேட்டை என்றால் சுடுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2ஆம் பிரிவின் 16ஆம் உட்பிரிவைப் படித்தால் கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, கண்ணி கட்டுவது, பொறி வைப்பது, விரட்டிப்போவது, இரை போட்டு வரவழைப்பது எல்லாமே வேட்டை என்றும், இவற்றுக்கான முயற்சியும் வேட்டையே என்றும் இருக்கிறது. அழுகிய பலாப்பழத்தைக் குவித்து வைத்துவிட்டு மரத்தின்மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால், விடியும்வரை ஒரு பன்றியும் வராவிட்டாலும் வழக்குக்கு அது போதும்.

2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி காட்டுப்பன்றி 2ஆம் அட்டவணையில் இருக்கிறது. காட்டெருமை, மயில், உடும்பு, எறும்புதின்னி ஆகியவை 1ஆம் அட்டவணை. பன்றி வழக்கில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1ஆம் அட்டவணை விலங்கென்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் புதருக்குள் தெரிவது இரண்டு கண்கள்தான். அது பன்றியா, காட்டெருமைக் கன்றா என்று தெரிவதற்குள் விசையை இழுத்துவிட்டால் முதல் கணக்கு இரண்டாம் கணக்காக மாறிவிடும்.

இதில் உங்கள் "சரி" வந்து உட்காரும் இடம் 52ஆம் பிரிவு. குற்றத்துக்குத் துணைபோனவரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்து, அதற்குப் பயன்பட்டுப் பறிமுதலான வண்டியும் துப்பாக்கியும் கண்ணியும் அரசின் சொத்து என்பது 39ஆம் பிரிவு. கறி உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் கிடைத்தால், அது முறையாக வந்ததுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு 57ஆம் பிரிவின்படி உங்கள் தலையில். "ஒரு பங்கு வந்துடும்" என்று தாராளமாகச் சொல்கிறார்களே, அது இந்தப் பங்கும் சேர்ந்ததுதான்.

"எங்ககிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு" என்பது அடுத்த பேச்சு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது. உண்மைதான். ஆனால் அந்த உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கு. பன்றியைக் கொல்ல வேறொரு உத்தரவு வேண்டும், அது வேறொரு சட்டத்தின் கீழ், வேறொரு அதிகாரியிடமிருந்து வர வேண்டும். உரிமமே இல்லாத நாட்டுத்துப்பாக்கி என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 2 ஆண்டு சிறை. அதை உங்கள் தோட்டத்து ஸ்டோர் ரூமில் "ரெண்டு நாள் வச்சிருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனால், வைத்திருப்பவர் நீங்கள்தான்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நிலத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கிய சீட்டு இருந்தால் போதும் என்று நினைக்கும் இளைஞர்களும் இப்போது வருகிறார்கள். அமெரிக்காவில் தனியார் நிலத்தில் மான் வேட்டைக்கு நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும் என்பது சரி. அங்கேயும் மாநில அரசின் வேட்டை உரிமம் தனியாக வாங்கி, குறிப்பிட்ட பருவத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள்தான் சுட முடியும். நம் ஊரில் அந்த இரண்டாவது சீட்டைத் தரும் அலுவலகமே கிடையாது.

இந்த மலையின் பழங்குடியினரான மலையாளி சமூகத்துப் பெரியவர்கள் சிலர் வன உரிமைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தேன், கடுக்காய், கிழங்கு போன்ற சிறு வனப் பொருள்களுக்கு உரிமை தருகிறது. பாரம்பரிய உரிமைகளையும் ஏற்கிறது. ஆனால் 3ஆம் பிரிவின் 1ஆம் உட்பிரிவிலேயே, வேட்டை மற்றும் பொறிவைக்கும் பாரம்பரிய உரிமை நீங்கலாக என்று எழுதப்பட்டிருக்கிறது. பங்குனியில் முயல் வலை கட்டுவதற்கும் இதே கதிதான். அந்த மக்களிடம் இதை யாரும் அமைதியாக உட்கார்ந்து சொல்வதில்லை, நேராக வழக்குதான் போடுகிறார்கள் என்பது எங்கள் வருத்தம்.

இனி, திறந்திருக்கும் ஒரே கதவு. சட்டத்தின் 11ஆம் பிரிவு, 1ஆம் உட்பிரிவு, "பி" பகுதி. 2ஆம் அட்டவணை விலங்கொன்று மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உட்பட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ நம்பினால், காரணத்தை எழுத்தில் சொல்லி வேட்டைக்கு உத்தரவிடலாம். இந்த அடிப்படையில்தான் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும். முடிவெடுக்க வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், வனத்துறை அலுவலர் கொண்ட கிராம அளவிலான குழு.

இங்கேதான் சேர்வராயன் மலைக்கே உரிய சிக்கல் வருகிறது. மலைமேல் உள்ள எஸ்டேட்டுகளில் பல காப்புக்காட்டை ஒட்டியே கிடக்கின்றன. நாகலூர்ப் பக்கம் ஒருவர் மனு எழுதும்போது "காட்டிலிருந்து 5 கிலோமீட்டர்" என்று எழுதுவார், ஏனென்றால் செக்போஸ்ட்டிலிருந்து வண்டியில் அவ்வளவு தூரம் வந்திருப்பார். தூரத்தை ரோட்டில் அளக்கக் கூடாது. எல்லைக்கல்லிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ரோட்டில் பல கிலோமீட்டர் இருப்பது நேர்கோட்டில் சில நூறு மீட்டராகச் சுருங்கிவிடும். இந்த ஒரு தவறால் திரும்பி வரும் மனுக்கள் அதிகம். ஆகவே மனு எழுதும் முன் வனச்சரக அலுவலகத்துக்குப் போய், சர்வே எண்ணைச் சொல்லி, எந்த வளையத்துக்குள் உங்கள் நிலம் வருகிறது என்று அவர்கள் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கிராமம் ஏற்காடு சரகமா, சேர்வராயன் தெற்கா, வடக்கா, டேனிஷ்பேட்டையா என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள். தவறான சரகத்தில் கொடுத்த மனு மேசை மாறிப் போய்ச் சேர்வதற்குள் கிழங்கே முடிந்துவிடும்.

1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குச் சுடுவது என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு வேலியும் காவலும் இழப்பீட்டு மனுவும்தான். இதைச் சொல்வது கசப்பாக இருக்கிறது. ஆனாலும் வீணாக அலைவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மற்றவர்கள் கையில் எடுக்க வேண்டியது சம்மதக் கடிதம். வனத்துறை ஆட்கள் உங்கள் நிலத்துக்குள் ராத்திரியில் நுழைந்து வேலை செய்யப்போகிறார்கள். பன்றி ஒரு பட்டாவுக்குள் நிற்காது. உங்கள் கிழங்குக் காட்டில் மேய்ந்துவிட்டுப் பக்கத்துக் கரும்பில் படுத்திருக்கும். நீங்கள் மனு கொடுத்து, பக்கத்துக்காரர் "என் காட்டுக்குள்ள துப்பாக்கி தூக்கிட்டு வராதீங்க" என்று நின்றால் வந்த குழு திரும்பிப் போகும். எனவே ஒரு நிலத்துக்கு ஒரு மனு என்று கொடுக்காமல், பன்றி வரும் தடத்தை ஒட்டியுள்ள எல்லா நிலத்துக்காரர்களும் ஒரே கட்டாகக் கொடுங்கள். மாதிரி ஒன்று கீழே:

"சேலம் மாவட்டம், ______ வட்டம், ______ கிராமம், சர்வே எண் ______, உட்பிரிவு ______, பரப்பு ______ உள்ள நிலத்தின் உரிமையாளராகிய நான், வனத்துறைப் பணியாளர்கள் காட்டுப்பன்றியைப் பிடிப்பதற்கும், தகுந்த அதிகாரியின் எழுத்து உத்தரவு இருக்கும்பட்சத்தில் சுடுவதற்கும், ______ தேதி முதல் ______ தேதி வரை இரவிலும் பகலிலும் மேற்படி நிலத்தில் நுழையச் சம்மதிக்கிறேன். இச்சம்மதம் வனத்துறைப் பணியாளர்களுக்கு மட்டுமே. துப்பாக்கி உரிமம் உள்ளவர் உட்பட, தனியார் எவருக்கும் பொருந்தாது. விலங்கின் உடல்மீது எனக்கோ என் ஆட்களுக்கோ உரிமை இல்லை. ஆட்கள் குடியிருக்கும், நடமாடும் இடங்கள் இணைத்துள்ள புலப்படத்தில் குறிக்கப்பட்டுள்ளன. அன்றிரவு தொடர்புகொள்ள வேண்டியவர்: ______."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. தேதி போடாத சம்மதம் ஜெராக்ஸ் ஆகி ஊர் சுற்றும். அடுத்த வருஷம் யாரோ அதைக் காட்டி "ஓனரே எழுதிக் கொடுத்திருக்கார்" என்பார்கள். 30 நாளுக்கு மேல் போட வேண்டாம், தேவைப்பட்டால் புதுப்பித்துக்கொள்ளலாம். "தனியார் எவருக்கும் பொருந்தாது" என்ற வரி உங்கள் பாதுகாப்புக்கு. கறிக்கு உரிமையில்லை என்ற வரி, மறுநாள் காலையில் கத்தியோடு வந்து நிற்கும் சொந்தக்காரர்களுக்குக் காட்ட.

யார் கையெழுத்துப் போடுவது என்பதில்தான் பாதி மனுக்கள் சிக்குகின்றன. கூட்டுப் பட்டா என்றால் பட்டாவில் உள்ள எல்லாரும் போட வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால் வாரிசுச் சான்றின் நகலை இணைத்து வாரிசுகள் போடுங்கள். அதற்குள் பட்டா மாறுதலும் செய்துவிடுங்கள், இழப்பீட்டுக்கும் அது உதவும். நிலம் குத்தகையில் இருந்தால் உரிமையாளர் கையெழுத்தோடு குத்தகைதாரர் கையெழுத்தும் வேண்டும். பயிர் அவருடையது, ராத்திரி காவலுக்குப் படுப்பவரும் அவர்தான். வெளியூர் முதலாளிகளே, உங்கள் மேனேஜர் போடும் கையெழுத்துக்கு அதிகாரப் பத்திரம் இருந்தால்தான் மதிப்பு. இல்லையென்றால் நீங்களே கையெழுத்திட்டு, ஸ்கேன் அனுப்பி, அசலைத் தபாலில் சேர்த்துவிடுங்கள். "வாட்ஸ்அப்ல ஓகே சொல்லிட்டேன்" என்பது இங்கே செல்லாது.

இணைக்க வேண்டிய தாள்கள் நான்குதான்: பட்டா அல்லது சிட்டா, நடப்புப் பசலியின் (வருவாய்த்துறை ஆண்டின்) பயிர் விவரம் காட்டும் அடங்கல், புலப்படம் (நில அளவை வரைபடம்), சேதப் படங்கள். அடங்கலில் நீங்கள் சொல்லும் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிலக்கடலை நட்டிருப்பீர்கள், அடங்கல் "தரிசு" என்று சொல்லும். வி.ஏ.ஓ.வைப் பார்த்து அதைத் திருத்தாமல் மனு கொடுத்தால் சேதமே நடக்கவில்லை என்றுதான் காகிதம் பேசும். ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமாக இருந்தால் அந்த இடத்தில் தனி அலுவலர் இருப்பார். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேதப் படம் எடுப்பது ஒரு கலை. பன்றிதான் செய்தது என்று படம் சொல்ல வேண்டும். குச்சிக்கிழங்கில் பன்றி மூக்கால் மண்ணைப் புரட்டிச் செடியோடு பெயர்த்துப் போடும். கிழங்கு கண்டமேனிக்குக் கடிபட்டு, சப்பிய நார் துண்டு துண்டாகக் கிடக்கும். முள்ளம்பன்றி என்றால் செடியின் பக்கத்தில் குழி பறித்து, கிழங்கை உளியால் செதுக்கினதுபோல இரண்டு பல் வரிசையாகச் சுரண்டியிருக்கும், ஒரு முள்ளாவது விழுந்து கிடக்கும். பெருச்சாளி அடியிலேயே வளை வைத்துக் கிழங்கைக் குடைந்துவிட்டுச் செடியை நிற்கவிடும். மக்காச்சோளத்தில் பன்றி தட்டையைச் சாய்த்து மிதித்துக் கதிரைத் தின்னும். தட்டை நிமிர்ந்து நிற்க, கதிரின் நுனி மட்டும் கொத்துப்பட்டிருந்தால் கிளியோ மயிலோ. காட்டெருமை கொழுந்தை மேய்ந்து, காபிக் கிளையை முறித்து, மாட்டுச்சாணிபோலப் பெரிய சாணி போட்டுவிட்டுப் போயிருக்கும்.

காலடியையும் எடுங்கள். ஈர மண்ணில் பன்றியின் குளம்பு இரண்டாகப் பிளந்து பதியும். அதன் பின்னால் இரண்டு பக்கமும் சற்று அகன்று சிறு குளம்பின் புள்ளிகள் விழும். மான் தடத்தில் அந்தப் புள்ளிகள் பொதுவாக விழாது. தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். தேதியும் இடக் குறியீடும் படத்திலேயே பதியும் கேமரா ஆப் எல்லா போனுக்கும் கிடைக்கிறது. காலை 8 மணிக்குள் எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் தடத்தின் ஓரம் உதிர்ந்து எல்லாம் நாய்க்கால் மாதிரி ஆகிவிடும். பிறகு ஓடையோரம் போய்ச் சேற்றுக் குழியைத் தேடுங்கள். பன்றி அதில் புரண்டுவிட்டுப் பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் உடம்பைத் தேய்க்கும். முழங்காலிலிருந்து இடுப்புவரை உயரத்தில் காய்ந்த சேறும், அதில் ஒட்டிய தடித்த கறுப்பு மயிரும் இருக்கும். சேறு உங்கள் நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தால் அது பன்றி இல்லை, வேறு பெரிய விலங்கு. மனுவில் காட்டெருமையைப் பன்றியோடு கலந்து எழுதாதீர்கள், இரண்டுக்கும் வழி வேறு. இந்த மரத்தையும் குழியையும் புலப்படத்தில் குறித்துக் கொடுத்தால், வரும் குழு எங்கே உட்காருவது என்று தேடி அலைய வேண்டாம்.

அதே புலப்படத்தில் சிவப்புப் பேனாவால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள், காவல் குடிசை, மாட்டுக்கொட்டகை, ஒற்றையடிப் பாதை, பம்ப் செட் எல்லாவற்றையும் குறியுங்கள். மலைச்சரிவில் தோட்டா விஷயம் சமவெளி மாதிரி இல்லை. சரிவின் மேலிருந்து கீழ்நோக்கி, பின்னால் மண்மேடு இருக்கும் திசையில் சுட்டால் தோட்டா மண்ணில் புதையும். கீழிருந்து மேல்நோக்கி, உச்சிவிளிம்பில் நிற்கும் பன்றியைச் சுட்டால் தவறிய தோட்டா அந்தப் பக்கத்து ஊருக்குப் போகும். பாறையில் பட்டால் எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் குழு பார்த்துக்கொள்ளும். ஆனால் மேட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு குடிசை போட்டிருக்கிறது என்பதை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். காபி பறிக்கும் பருவத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடியலிலேயே ஆட்கள் செடிக்குள் இருப்பார்கள். அந்த மாதங்களில் குழு வருவதாக இருந்தால் முந்தின நாள் மாலையே மேஸ்திரி ஒவ்வொரு லைனுக்கும் போய்ச் சொல்லிவிட வேண்டும். ராத்திரி முழுக்க நாய்களைக் கட்டிப் போட வேண்டும். வேடிக்கை பார்க்க ஒருவரும் வரக் கூடாது. போன் வெளிச்சம் ஒன்று போதும், பன்றி வாடை பிடித்ததுபோல வழியை மாற்றிவிடும்.

அடிபட்ட பன்றி ஓடிவிட்டால் ராத்திரியில் பின்னால் போகாதீர்கள். அது காபிச் செடிக்குள் படுத்துவிடும், கிட்டே போகும்வரை சத்தம் காட்டாது, பிறகு நேராக வந்து தொடையில் குத்தும். மறுநாள் குழு தேடி முடித்துச் சொல்லும்வரை அந்தப் பகுதியில் பறிப்புக்கு ஆள் விடாதீர்கள், கூலி நஷ்டமானாலும். கள்ளத்தனமாகச் சுடுபவர்கள் செய்யாத வேலை இதுதான். அடிபட்டதை விட்டுவிட்டு அவர்கள் வண்டி ஏறிவிடுவார்கள், காலையில் கூடையோடு போகிற அம்மாதான் அதைப் பார்ப்பார்.

எதைச் சுடுகிறோம் என்பதும் முக்கியம். கூட்டமாக வருவது பெட்டைகளும் குட்டிகளும். தனியாகத் திரியும் பெரிய தந்தக்காரன் ஆண். கறிக்காக வருபவருக்கு அந்த ஒற்றைப் பன்றிதான் கண்ணில் படும், எடை அதிகம், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அதைக் கொன்றால் உங்கள் காட்டில் ஒன்றும் குறையாது. பெட்டைக்குச் சினைக்காலம் நாலு மாதத்துக்கும் குறைவு, ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி சாதாரணம். ஒரு ஆணை எடுத்தால் இன்னொரு ஆண் அந்த இடத்துக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை "வேட்டைக்கு விட்ட" தோட்டங்களில் சேதம் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செத்த பன்றியை ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். குழிக்கு ஆளும் கடப்பாரையும் முதலிலேயே தயாராக இருக்கட்டும், குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளியே வெட்டுங்கள். முதுமலையில் காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது நினைவிருக்கலாம். அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் அடிவாரத்தில் வெண்பன்றி வளர்ப்பவரின் பட்டியை ஒரே வாரத்தில் காலி செய்துவிடும். புதைக்காமல் ஓடையில் எறிந்த குடல் ஒன்று போதும்.

மனு போட்டு உத்தரவு வருவதற்குள் பயிர் போய்விடும் என்பீர்கள். நியாயம்தான், அதனால்தான் நட்ட மாதத்திலேயே மனுவைக் கொடுக்கச் சொல்கிறோம். இடைப்பட்ட நாளில் சிலர் கையில் எடுக்கும் மூன்று ஆயுதங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி, பன்றியைக் கொல்வதற்கு முன் தாடையைப் பிளக்கும், அது பல நாள் பட்டினி கிடந்து சாகும். உங்கள் பசுமாடும் அதே காயைத்தான் கடிக்கும். கம்பிக் கண்ணியில் பன்றி விழும் அதே தடத்தில் காட்டெருமைக் கன்றும் சிறுத்தையும் போகின்றன. மூன்றாவது, லைனிலிருந்து கொக்கி போட்டு இழுக்கும் திருட்டுக் கரண்ட். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. மனிதன் சிக்கினால் மின்திருட்டு வழக்கோடு பாரதிய நியாய சன்ஹிதாவின் 105ஆம் பிரிவும் (கொலையாகாத மரணம் விளைவித்தல்) சேரும். வேலி வேண்டுமானால் அனுமதி வாங்கி, தரச்சான்று பெற்ற எனர்ஜைசரோடு (வேலிக்கு விட்டுவிட்டு மின்சாரம் அனுப்பும் கருவி) சூரிய மின்வேலி போடுங்கள். அது ஒரு நொடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம்தான் அதிர்ச்சி தரும், பிடித்துக்கொள்ளாது. பன்றிக்கு உயரம் தேவையில்லை. தரையிலிருந்து 20, 40, 60 சென்டிமீட்டரில் மூன்று கம்பி போதும். கீழ்க்கம்பி உயர்ந்துவிட்டால் அடியில் மூக்கைக் கொடுத்து நுழைந்துவிடும். பலரும் வேலி "வேலை செய்யல" என்று கைவிடுவதற்குக் காரணம் இரண்டு: கீழ்க்கம்பியில் புல் படர்ந்து மின்சாரம் மண்ணுக்கு இறங்குவது, கோடையில் எர்த் கம்பியைச் சுற்றி மண் காய்ந்துபோவது. வாரம் ஒருமுறை புல்லை அறுங்கள், எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

வனச்சரக அலுவலகங்களுக்கும் இதிலேயே ஒரு வேண்டுகோள். மனுவை வாங்கும் அன்றே தேதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். நிலம் எந்த வளையத்தில் வருகிறது என்பதை அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். நிராகரிப்பதாக இருந்தால் காரணத்தை ஒரு வரியில் தமிழில் சொல்லுங்கள். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிற விவசாயிதான் பிறகு அந்த ராத்திரி போனை எடுக்கிறார்.

நிலத்துக்காரர்களே, அடுத்த நடவுக்கு முன் பக்கத்து நான்கு பட்டாக்காரர்களைக் கூப்பிட்டு, மேலே உள்ள கடிதத்தை ஐந்து படி எடுத்து, கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒரு படி சரக அலுவலகத்துக்கு, ஒன்று வி.ஏ.ஓ.வுக்கு, ஒன்று ஊராட்சிக்கு, ஒன்று உங்கள் கோப்புக்கு. ஐந்தாவதை வாட்ச்மேன் குடிசையில் ஒட்டி, "வனத்துறை ஆட்களைத் தவிர எவரையும் துப்பாக்கியோடு உள்ளே விடாதே" என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். அவருக்கு உங்கள் வாய்மொழி இல்லாமல் வருபவரைத் தடுக்கும் தைரியம் வராது.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையடிவார விவசாயிகள் சிலர், சேலம்